குடியிருந்த வருஷம்

இதில் எவ்வளவு நான் நேரில் கண்டது, எவ்வளவு பிறகு காதில் விழுந்தது என்று இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மழைக்காலம் என்றுதான் நினைவு. ஒருவேளை மழை வேறொரு வருஷத்ததாகவும் இருக்கலாம். ஒன்று மட்டும் நிச்சயம். நாங்கள் இரண்டாம் மாடியில் இருந்தோம், எங்கள் தலைக்கு மேலே அவர்கள். மேலே தையல் மெஷின் ஓடினால் எங்கள் கூடத்து விளக்கு லேசாக நடுங்கும். மெஷின் நின்றால் விளக்கும் நிற்கும். அந்த மாதம் முழுக்க விளக்கு நடுங்குவதும் நிற்பதுமாக இருந்தது. ஒரே ஓட்டமாக ஓடவில்லை.

அவளைத் தெருவில் எல்லாரும் திரைக்காரம்மா என்பார்கள். ஜன்னல் திரை தைப்பது அவள் தொழில். கழுத்தில் அளவு நாடா, கையில் மடித்த துணி மாதிரிகள், வாயில் இரண்டு குண்டூசி. அந்தக் குண்டூசிகளோடே பேசுவாள், சிரிக்கக்கூடச் சிரிப்பாள். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் ஆளைப் பார்க்க மாட்டாள், ஜன்னலைத்தான் பார்ப்பாள். அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறைகளுக்குள் ஏணி ஏறி இறங்கியே முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயின. குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடி. "ஊரையே மேல தூக்கி விடற மனுஷனைத் தூக்கி விட ஒரு ஆள் இல்லையே" என்று கீழே டீக்கடைக்காரர் தினமும் கேலி செய்வார். லிஃப்ட்காரரும் தினமும் சிரித்துவிட்டுப் படியேறத் தொடங்குவார். எங்கள் வாசலுக்கு வரும்போது அந்தச் சிரிப்பு இருக்காது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார்.

அந்தச் சமயத்தில்தான் பின்தெருவில் ஒரு வீடு விலைக்கு வந்தது. தரைத்தள வீடு. பின்பக்கத்தில் ஒரு அறை, அதில் சுவரை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு வடக்குப் பார்த்த ஜன்னல். அந்த ஜன்னலுக்கு முன்பே திரை தைத்தவள் அவள். வடக்கு வெளிச்சம் நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கும், கறுப்புத் துணியில் கறுப்பு நூல் போட்டாலும் கண்ணுக்குத் தெரியும் என்று எங்கள் வீட்டில்கூட இரண்டு மூன்று முறை சொல்லியிருக்கிறாள். வீட்டுக்காரர் மகளோடு போய் இருக்கப் போவதால் விற்கிறார். வெளியில் சொல்வதற்கு முன் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"உனக்குத்தான் அந்த ஜன்னலோட அருமை தெரியும். யோசிச்சுச் சொல்லு. ஆனா ரொம்ப நாள் யோசிக்காதே."

அவர்கள் கைக்கு எட்டுகிற விலைதான். இரண்டு பேரும் சேர்த்து வைத்தது இருந்தது, வங்கியும் மீதிக்குக் கடன் தரத் தயாராக இருந்தது. ஆகவே வக்கீலைப் பார்க்கப் போனார்கள். அவள் தம்பியும் கூடப் போனான். அவன் வீட்டுத் தரகன். இடுப்பில் எப்போதும் பத்துப் பதினைந்து வீட்டுச் சாவிகள் தொங்கும். அதனால் அவனுக்குச் சாவி என்றே பெயர்.

வக்கீலம்மாவின் அறை சின்னது. அவர் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்.

"ஏற்கெனவே உங்க பேர்ல வீடு ஏதாவது இருக்கா?"

"ஒண்ணு இருக்கு, ரயில் பாதை பக்கத்துல. ஆனா நாங்க அதுல இல்லைங்க" என்றார் லிஃப்ட்காரர்.

"பின்ன எங்க இருக்கீங்க?"

"வாடகை வீட்டுல."

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார். "சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுட்டு, நீங்க வாடகைக்கு இருக்கீங்க."

"ஆமாங்க."

"அப்போ சட்டத்துக்கு நீங்க வீட்டு முதலாளி. ரெண்டாவது வீடு வாங்கற முதலாளி. வீடு வாங்கறப்ப எல்லாரும் கட்டற வரி இருக்கே, அதுக்கு மேல உங்களுக்குக் கூடுதல் வரி உண்டு."

எவ்வளவு என்று சொன்னார். சாவி மெல்ல விசிலடித்தான். லிஃப்ட்காரர் தன் நகங்களைப் பார்த்துக்கொண்டார். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கிரீஸ் அவற்றின் ஓரத்தில் கறுப்பாக இருந்தது.

"நாங்க குடியிருக்கத்தானே வாங்கறோம்? வாடகைக்கு விட்டுக் காசு பாக்கவா வாங்கறோம்?" என்றாள் திரைக்காரம்மா.

"எதுக்கு வாங்கறீங்கன்னு சட்டம் கேக்கறதில்லைம்மா. வாங்கின அன்னைக்குப் பொழுது சாயறப்ப உங்க பேர்ல எத்தனை வீடு இருக்குன்னுதான் பாக்கும்."

"பழைய வீட்டை முன்னாடியே வித்துட்டா?"

"ஒண்ணுதான் இருக்கும். கூடுதல் கிடையாது."

"அதுக்கு ஒரு ஆள் இருக்கான்" என்றான் சாவி. "குடியிருக்கறவங்களைக் கிளப்பக்கூட வேணாம், அப்படியே வாங்கிக்கறேன்னு சொல்றான். ஆனா அவன் கைக்குப் பணம் வர ஏழெட்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் இந்த வீடு நிக்காதே?"

வக்கீலம்மா கொஞ்சம் யோசித்தார். "இன்னொரு வழி இருக்கு. கூடுதல் வரியை இப்போ கட்டிடுங்க. பழைய வீட்டைப் பிறகு வித்ததும் அது திரும்பக் கிடைக்கும். ஆனா ஒண்ணு. அந்தப் பழைய வீடு நீங்க குடியிருந்த வீடா இருக்கணும். இருந்த வீட்டை விட்டுட்டு வேற வீட்டுக்கு மாறறவங்களுக்குத்தான் அந்தச் சலுகை."

"கொஞ்ச நாள் இருந்திருந்தாப் போதுமா?" என்றான் சாவி.

"ஒரு வருஷம் இருந்தோம்னு சொன்னா யாரும் மேல ஒண்ணும் கேக்க மாட்டாங்க." அவர் லிஃப்ட்காரரைப் பார்த்தார். "இருந்தீங்களா?"

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். சாவி முந்திக்கொண்டான். "யோசிச்சுச் சொல்றோம் மேடம்."

"இருந்தீங்களான்னு கேட்டா அதுல யோசிக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றார் வக்கீலம்மா. அவர் சிரிக்கவில்லை.  சாவி எழுந்து மற்ற இருவரையும் வெளியே கூட்டிக்கொண்டு போனான்.

அவர்கள் அந்த ரயில் பாதை வீட்டில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. இருக்கத்தான் வாங்கினார்கள். பத்திரம் முடிந்த கையோடு அவள் போய் ஜன்னல்களை அளந்து வந்தாள். தனக்கென்று முதல் முறையாகத் துணி எடுத்தாள். நல்ல கனமான நீலம். புதுத் துணி துவைக்கத் துவைக்கச் சுருங்கும் என்பதால் கீழே மடித்துத் தைக்கும்போது கொஞ்சம் கூடுதலாக உள்ளே விட்டு வைப்பது அவள் வழக்கம். சுருங்கினால் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். வாடிக்கைக்காரர்களுக்கு இரண்டு விரல் விடுவாள். தன் வீட்டுத் திரைக்கு ஒரு சாண் விட்டாள். எத்தனையோ வருஷம் துவைக்கப் போகிறோம் என்ற எண்ணம். திரைகளை மாட்டிவிட்டு வந்த அன்று சாயங்காலம்தான் லிஃப்ட்காரர் சொன்னார்: "ஒரு வருஷம் வாடகைக்கு விட்டுப் பாப்போமா? கடன் கொஞ்சம் குறையட்டுமே." அவளும் சரி என்றாள். மறு வருஷம் அதையே அவள் சொன்னாள், அவர் சரி என்றார். அதற்குப் பிறகு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குடிவந்தவள் ரொட்டிக்கடையில் வேலை செய்பவள். மாதம் தவறாமல் வாடகையைக் கையில் கொடுப்பாள், குழாய் ஒழுகினால் அவளே சரி செய்துகொள்வாள். இப்படிப்பட்ட குடித்தனக்காரரை யார் விடுவார்கள்?

அன்று இரவுச் சாப்பாட்டுக்குச் சாவியும் இருந்தான். ரொட்டியும் அவித்த முட்டையும் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன.

"மாமா, இதுல பயப்பட ஒண்ணுமே இல்ல" என்றான் சாவி. "கூடுதல் வரிக்குக் கம்பெனியில முன்பணம் வாங்கிடறீங்க. வீட்டை வித்ததும் அது திரும்பி வந்துடும். அடைச்சுடறீங்க. அவ்வளவுதான்."

"திரும்பி வரலைன்னா?" என்றார் லிஃப்ட்காரர்.

"வரலைன்னா நீங்க கல்லறைக்குப் போற வரைக்கும் ஏணி ஏறணும். அதனாலதான் சொல்றேன். அந்த வீட்டுல முதல் ஒரு வருஷம் நீங்க இருந்தீங்க. அதுக்கப்புறம்தான் ரொட்டியம்மா வந்தாங்க. எழுத்துல ஒண்ணுமே கிடையாது, எல்லாம் கையோட கையாக் கொடுத்து வாங்கினது. யாராவது கேட்டா அவங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"பொய்தானே?" என்றாள் திரைக்காரம்மா.

"அக்கா, நீ அங்க இருந்திருக்க வேண்டியவதானே? திரையெல்லாம் மாட்டினியா இல்லையா? படுத்துத் தூங்கினது ஒண்ணுதான் பாக்கி."

லிஃப்ட்காரர் முட்டையை உடைத்தார், சாப்பிடவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். அவர் ஒன்றும் சொல்லாததுதான் அவளுக்குப் பெரிதாகப் பட்டது. அவருக்கு வேண்டாமென்றால் உடனே சொல்லிவிடுவார்.

"நீயே போய்க் கேளுக்கா. மாமா போனா வீட்டுக்காரர் வந்து மிரட்டற மாதிரி இருக்கும்" என்று எழுந்தான் சாவி. படியிறங்கும்போது சாவிகள் குலுங்கிக்கொண்டே போவது எங்களுக்குக் கேட்டது. 

இரண்டு நாள் கழித்து, நல்ல மழையில், அவள் ரயில் பாதை வீட்டுக்குப் போனாள். மத்தியானம் தாண்டிய நேரம். ரொட்டியம்மா விடிவதற்கு வெகு முன்பே வேலைக்குப் போய் மாவு பிசைந்து அடுப்பேற்றுகிறவள். காலை வியாபாரம் முடிந்துதான் வீடு திரும்புவாள், பகலில்தான் தூக்கம். கதவைத் தட்டிவிட்டுத் திரைக்காரம்மா தயங்கி நின்றாள். உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"அக்காவா! வாங்க, வாங்க. நனைஞ்சுட்டீங்களே. எழுப்பல, எழுப்பல, நான் எழுந்துக்கற நேரம்தான். கை கழுவிட்டு வரேன், உள்ள உக்காருங்க. லைட்டைப் போட்டுக்கோங்க."

உள்ளறை கும்மிருட்டு. திரைக்காரம்மா வாசல் ஓரத்துச் சுவரில் கையால் துழாவினாள். வலப்பக்கம் இல்லை. இடப்பக்கம் இல்லை. கதவுச் சட்டத்தைத் தடவினாள், ஒரு காலண்டர் ஆணியில் விரல் பட்டது. வீடு அவள் பெயரில் இருக்கிறது, விளக்குச் சுவிட்ச் எங்கே என்று தெரியவில்லை.

"அலமாரிக்குப் பின்னாடிக்கா" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "புதுசா வர்றவங்களுக்கு யாருக்குமே தெரியாது."

விளக்கு எரிந்தது. அறையில் கட்டில், ஒரு மேசை, மேசையில் மாவு காய்ந்து ஒட்டிய கைக்கடிகாரம். ஜன்னலில் அந்த நீலத் திரை. வெயில் தின்று வெளுத்திருந்தது. ஆனால் கீழே, ஒரு சாண் உயரத்துக்கு, நேற்று எடுத்த துணி போல அதே பழைய நீலம் பட்டையாக நின்றது. மடிப்பைப் பிரித்து இறக்கியிருக்கிறார்கள். ஓரத்தில் கைத்தையல், தொழில் தெரியாதவளின் கோணல் தையல், ஆனால் நெருக்கமாகப் போட்டிருந்தாள்.

ரொட்டியம்மா டீயும், மேலோடு கருகிப் போனதால் கடையில் விற்காத ரொட்டித் துண்டுகளும் கொண்டுவந்து வைத்தாள். "உள்ள நல்லா இருக்கும், சாப்பிடுங்க."

"இதை எப்போ இறக்கினே?"

"திரையா? அது ஆச்சு, ரெண்டு மாசம். துவைச்சுத் துவைச்சுச் சுருங்கிப் போச்சு. கீழ வழியா வெளிச்சம் வர ஆரம்பிச்சுது. எனக்குப் பகல்ல வெளிச்சம் ஆகாதே? புதுசு வாங்கணுமேன்னு கவலைப்பட்டுப் பிரிச்சுப் பாக்கறேன், உள்ள இவ்வளவு துணி விட்டு வெச்சிருக்கீங்க. அவர்கிட்டச் சொல்லிக்கிட்டேன், போய்ச் சேர்ந்தவர்தான், இருந்தாலும் சொல்லிப்பேன். பாத்தீங்களா, முன்பின் தெரியாத நமக்காக யாரோ இவ்வளவு விட்டு வெச்சிருக்காங்கன்னு."

திரைக்காரம்மா டீயை ஊதிக்கொண்டிருந்தாள். ஆறிப்போன பிறகும் ஊதினாள். பிறகு சொல்ல வந்ததைச் சொன்னாள். வீடு, வடக்கு ஜன்னல், வரி, ஒரு வருஷம். சுற்றி வளைக்கவில்லை. வளைக்க அவளுக்குத் தெரியாது.

ரொட்டியம்மா முழுக்கக் கேட்டாள். ஒரு ரயில் போனது, டம்ளர்கள் லேசாகக் கிணுகிணுத்தன. அது போய் முடியட்டும் என்று காத்திருந்தாள்.

"என்னைக் காலி பண்ணச் சொல்லலையே?"

"இல்ல. வாங்கறவரும் உன்னை இருக்கச் சொல்லிட்டார்."

"அப்போ சொல்லிடறேன். எவ்வளவோ பண்ணியிருக்கீங்க. ஒரு வார்த்தைதானே." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா அந்த முதல் வருஷம் நான் எங்க இருந்தேன்னு சொல்லட்டும்?"

"எங்கேயாவது. உன் தங்கச்சி வீட்டுல."

"சரி. அவரும் என்கூட அங்க இருந்தார்னு சொல்லணுமா? இல்ல, அப்பவே போயிட்டார்னு சொல்லணுமா?"

திரைக்காரம்மாவுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. குடிவந்த சில மாதங்களில் ரொட்டியம்மாவின் புருஷன் இறந்துபோனது அவளுக்குத் தெரியும். துக்கம் விசாரிக்க வாசல்வரை வந்துவிட்டுப் போனதும் நினைவிருந்தது.

"அவர் ஆஸ்பத்திரியிலதானே…"

"இல்லைக்கா. அங்க கைவிரிச்சுட்டாங்க. இங்க கூட்டிட்டு வந்துட்டேன். இதே கட்டில்தான். கடைசி நாள் திரையைத் திறந்து வைன்னார். ரயில் போறதைப் பாக்கணுமாம். அன்னைக்கு முழுக்கத் திறந்தே வெச்சிருந்தேன்." அவள் அழவில்லை. வேலை நுணுக்கம் கேட்கும் ஆள் போலத்தான் கேட்டாள். "அதனாலதான் கேக்கறேன். எனக்கு நினைச்சுச் சொல்ல வராது. நீங்க எப்படிச் சொல்லணும்னு சொல்லிக் கொடுங்க. அப்படியே சொல்லிடறேன்."

திரைக்காரம்மா எழுந்து ஜன்னலருகே போனாள். திரையின் ஓரத்தைப் புரட்டி அந்தக் கோணல் தையலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். ஓரிடத்தில் நூல் அறுந்திருந்தது. புடவை மடிப்பில் குத்தியிருந்த ஊசியை எடுத்து, நின்றபடியே நாலு தையல் போட்டு முடிச்சிட்டுப் பல்லால் நூலைக் கடித்தாள்.

"ஒண்ணும் சொல்ல வேணாம்மா. நீ தூங்கு" என்றாள்.

"கோவமாக்கா?"

"உன்மேல என்ன கோவம்? ரொட்டி நல்லா இருக்கு. ரெண்டு துண்டு மடிச்சுக் கொடு, அவருக்கு."

அவள் திரும்பி வந்தபோது லிஃப்ட்காரர் எங்கள் வாசலுக்கு நேரே படியில் உட்கார்ந்திருந்தார். வேலைப் பை பக்கத்தில் கிடந்தது. மேலே ஏற முடியாமல் உட்கார்ந்தவர்தான். நான் கதவை ஒருக்களித்து வைத்திருந்தேன், சாத்தினால் சத்தம் கேட்குமே என்று அப்படியே விட்டுவிட்டேன். அவள் இரண்டு படி கீழே உட்கார்ந்தாள். ஈரக் குடையிலிருந்து தண்ணீர் படிபடியாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"சொல்றேன்னா. எப்படிச் சொல்லணும்னு சொல்லிக் கொடுக்கச் சொன்னா."

"அப்புறம் என்ன?"

 அவள் சொன்னாள், கட்டில், ரயில், திறந்த திரை எல்லாவற்றையும்.   கீழே யாரோ கதவைத் திறந்து குப்பை வாளியை வைத்துவிட்டு மூடினார்கள்.

"அந்த வருஷத்தை நாம எடுத்துக்கிட்டா, அவளுக்கு அது எங்க இருக்கும்?" என்றாள் அவள்.

"ஒரு வருஷம் விட்டுப் பாப்போம்னு சொன்னது நான்தான்" என்றார் அவர்.

"நான் மட்டும் என்ன, வேணாம்னா சொன்னேன்?"

"உன் ஜன்னல்?"

 அவள் பொட்டலத்தைப் பிரித்து ரொட்டியை நீட்டினாள். அவர் கருகிய ஓரத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு மென்றார்.

"வக்கீலம்மா என்னை முதலாளின்னாங்க" என்றார் திடீரென்று. "படியில உக்காந்து கருகின ரொட்டி திங்கற முதலாளி. எழுந்திரிக்க ஒரு கை கொடு."

அவள் கை கொடுத்தாள். எழுந்திருக்கும்போது இரண்டு பேரும் ஒரே சமயத்தில் முனகினார்கள், அதற்காக ஒரே சமயத்தில் சிரித்தார்கள். மேலே போன பிறகு மெஷின் ஓடும் என்று விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று ஓடவில்லை.

மறுநாள் வக்கீலம்மாவிடம் போய், குடியிருக்கவில்லை என்று சொன்னார்கள். அவர் அதை எழுதிக்கொண்டார். பின்தெரு வீட்டை வேறொருவர் வாங்கினார். அவர் மனைவி வடக்கு ஜன்னலுக்குத் திரை தைக்கத் திரைக்காரம்மாவைத்தான் கூப்பிட்டாள். போனாள், அளந்தாள், தைத்தாள், வழக்கமான இரண்டு விரல் உள்ளே விட்டு வைத்தாள். சாவி இரண்டு மாதம் அக்கா வீட்டுப் பக்கம் வரவில்லை. பிறகு அவனே ஒரு தரைத்தள வீடு பார்த்துக் கொடுத்தான். கூடுதல் வரியும் சேர்த்துக் கைக்கு அடங்குகிற வீடு. அதனால் ஓர் அறை குறைவு. அதன் ஒரே பெரிய ஜன்னலுக்கு எதிரே பக்கத்து வீட்டுச் சுவர். பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் அவள் தைத்தாள். ரயில் பாதை வீட்டை அவர்கள் விற்கவில்லை, ரொட்டியம்மா இருக்கும்வரை இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

லிஃப்ட்காரர் அந்த வீட்டில் படியேறாமல் சில வருஷங்கள் இருந்து இறந்துபோனார். சாவியின் இடுப்பில் இப்போது அவன் மகளின் கடைச் சாவி மட்டும் இருக்கிறது. வக்கீலம்மா வேறு ஊருக்குப் போய்விட்டார். நாங்களும் அந்தக் கட்டடத்தை விட்டு வந்து வெகுகாலம் ஆகிறது. திரைக்காரம்மா இன்னும் தைக்கிறாள். தன் வீட்டு ஜன்னலுக்கு மட்டும் திரை போடவில்லை, சுவர் என்னத்தை எட்டிப் பார்க்கப் போகிறது என்கிறாள். ரொட்டியம்மா அதே ரயில் பாதை வீட்டில்தான் இருக்கிறாள். பகலில் அந்த வழியாகப் போனால் திரை மூடியிருக்கும், உள்ளே அவள் தூங்கிக்கொண்டிருப்பாள்.